நிபுணர்கள் சாட்சிக் கூண்டில் ஏறட்டும்

புதுக்கடை நீதிமன்றங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. இரண்டு பேர்ச் காணிக்காக இரு சகோதரர் வழக்காடுகின்றனர். உறுதியிலுள்ள கையெழுத்துத் தகப்பனாருடையதா அன்றா என்பதே வினா. கையெழுத்தை ஆராயும் நிபுணர் அழைக்கப்படுகின்றார். அவர் பட்டம் பெற்றவர், பல்லாண்டு அனுபவமுடையவர். ஆயினும் அவர் கூண்டில் ஏறித் தம் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும். அந்த அபிப்பிராயத்துக்கு எவ்வாறு வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதன் பின்னரே நீதிபதி தீர்ப்பளிப்பார். 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் தன் 45ஆம் பிரிவில் நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடமளிக்கின்றது; 51ஆம் பிரிவில், அந்த அபிப்பிராயத்தின் ஆதாரங்களும் ஆராயப்படத்தக்கவையே என்கின்றது.

இரண்டு பேர்ச் காணிக்கு நீதி இத்தனை எச்சரிக்கை காட்டுகின்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் உணவையும் உழைப்பையும் சேமிப்பையும் தொடுகின்ற தீர்மானங்களுக்கு ஆலோசனை கூறுவோர் எந்தக் கூண்டில் ஏறினர்? அவர்கள் கூறியது யாது? எந்த ஆதாரத்தின் மேல் கூறினர்? அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர் யார்?

நிபுணரை இகழ்வது எமது நோக்கமன்று. நோய்க்கு வைத்தியரை நாடுவது போல நாட்டின் பொருளுக்குப் பொருளியல் அறிஞரை நாடுவது அறிவுடைமையே. எமது முறைப்பாடு வேறு.

தெமட்டகொடையில், புகையிரத எஞ்சின் கொட்டகையின் ஓசை கேட்கும் தூரத்தில் எமது சிறு காரியாலயம் அமைந்திருக்கின்றது. காணி வழக்கொன்றின் நிமித்தம் கிளிநொச்சியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுது எம்முடன் இருந்தார். இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிப்பவர். வங்கி உத்தியோகத்தர் ஒருவரும் பொறியியலாளர் ஒருவரும் அவ்வேளை அங்கு வந்திருந்தனர். பேச்சு நாட்டின் கடனைப் பற்றித் திரும்பிற்று. எந்தப் பேராசிரியர் எந்த ஜனாதிபதிக்கு என்ன ஆலோசனை கூறினார் என்று நண்பர்கள் சூடாக விவாதித்தனர். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "அப்புக்காத்து ஐயா, உரம் வேண்டாமெண்டு சட்டம் போட முந்தி எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டவையோ?" என்றார். நண்பர்கள் மௌனமாயினர். நாமுந்தான்.

அந்தக் கேள்வியை மனத்திற் கொண்டே இந்நாட்டு அரசாங்கங்கள் நிபுணரிடம் ஆலோசனை கேட்ட சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தோம்.

அந்நிய நிபுணரை அழைப்பது எமக்குப் புதிதன்று. சுதந்திரம் பெற்ற கையோடு, மத்திய வங்கியொன்றை அமைக்க அமெரிக்காவிலிருந்து ஜோன் எக்ஸ்ரர் வரவழைக்கப்பட்டார். 1950 ஆகஸ்டில் வங்கி திறக்கப்பட்டபோது முதல் ஆளுநரும் அவரே. 1951இல் உலக வங்கியின் குழு வந்தது. அடுத்த ஆண்டு அதன் அறிக்கை வெளியாயிற்று. கொரிய யுத்த காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்தது. அரிசி மானியம் திறைசேரியை அழுத்தியது. மானியத்தைக் குறைக்கவேண்டும் என்பதே அன்றைய நிபுணர் கருத்து. கணக்கின்படி அதிற் பிழை கண்டுபிடிப்பது கடினம். 1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. இடதுசாரிகள் அழைத்தனர், தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடவேண்டியதாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

கணக்குச் சரி, ஆனால் கணக்கில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது. 25 சதத்தில் உலை வைத்த குடும்பம் 70 சதத்தில் எவ்வாறு உலை வைக்கும் என்பதே அந்த இலக்கம். தொழிலாளர் குடியிருப்பொன்றில் வாழும் தாயொருத்தியை அழைத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் கூறியிருப்பாள்.

ஆலோசனை கேட்கும் முறையில் பாராட்டத்தக்க உதாரணமும் எம்மிடம் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தேசியத் திட்டமிடற் சபையை நிறுவிற்று. பிரதம மந்திரியே அதன் தலைவர். உலகப் புகழ்பெற்ற பொருளியலறிஞர் ஒருவர் பின் ஒருவராகக் கொழும்புக்கு அழைக்கப்பட்டனர். கேம்பிறிட்ஜிலிருந்து ஜோன் றொபின்சன் அம்மையாரும் நிக்கலஸ் கால்டோரும், ஒக்ஸ்போட்டிலிருந்து ஜோன் ஹிக்ஸும் அவர்தம் துணைவியார் ஊர்சுலா ஹிக்ஸும், சுவீடனின் குன்னார் மிர்டால், போலந்தின் ஒஸ்கார் லாங்கே, அமெரிக்காவின் கல்பிறெயித் என எழுவர். சந்தையை நம்பியவரும் திட்டத்தை நம்பியவரும் அவர்களுள் இருந்தனர். ஹிக்ஸ் 1972இலும் மிர்டால் 1974இலும் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். இன்று எந்தச் சிறிய நாடு இவ்வாறு ஒரு சபையைக் கூட்ட முடியும்?

அதனினும் மேலான செயல் பின்னர் நிகழ்ந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்தவற்றைத் திட்டமிடற் செயலகம் 1959இல் ஒரே நூலாக அச்சிட்டு வெளியிட்டது. இலங்கை உற்பத்தியைப் பெருக்குமுன்னரே நுகர்வைப் பெருக்கிக்கொண்டது என்ற கண்டனத்தை றொபின்சன் அம்மையார் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். அதையும் மறைக்கவில்லை. கால்டோரின் ஆலோசனைப்படி, வருமானத்துக்கன்றிச் செலவுக்கு விதிக்கும் வரி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. வரி தோற்றது எனலாம். ஆனால் யார் சொன்னார், ஏன் சொன்னார், எங்கே பிழைத்தது என்று இன்றும் எவரும் ஆராயலாம். சாட்சியம் பதிவாகியிருக்கின்றது.

குறையில்லாமல் இல்லை. நூல் ஆங்கிலத்தில் இருந்தது. 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை நிறைவேற்றிய அரசாங்கத்தின் பொருளாதாரம் மட்டும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை. 1958 மே மாதத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்து, மக்கள் அகதிகளாகக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்ற நட்டத்தைப் பத்தாண்டுத் திட்டத்தின் எந்த நிரலில் எழுதுவது? அதைக் கேட்க அந்த மேசையில் எம்மவர் இருந்தனரா? 1959 செப்ரெம்பரில் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தார். திட்டம் அலுமாரிக்குப் போயிற்று.

இனி, வடக்கின் கமக்காரர் மறக்கமுடியாத ஒரு பாடத்துக்கு வருவோம். 1970இல் வந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகள் பொன் விளைந்தன. கிணற்றுக்குக் கிணறு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் படித்தனர். 1977இல் ஜயவர்த்தனா பிரதம மந்திரியானார். ரொனி டி மெல் நிதி மந்திரி. சர்வதேச நாணய நிதியத்தின் அனுசரணையுடன் அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் புறக்கோட்டையில் குவிந்தன. வலிகாமத்துத் தோட்டக்காரர் தம் விளைச்சலை விற்க வழியின்றி நின்றனர்.

இவ்விடத்தில் எம்மவரும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வடக்கில் மிளகாய் பொன்னாக விளைந்த அதே ஆண்டுகளில் தெமட்டகொடையிலும் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏழைகள் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றனர். அரிசியை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதற்கே தடையிருந்தது. ஒரே கொள்கை ஒரு வீட்டில் விளக்கேற்றி மறுவீட்டில் அடுப்பணைத்தது. ஆகவே கமக்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கென்று நாம் வாதாடவில்லை. தோட்டக்காரரும் வரிசையில் நின்ற தொழிலாளியும் ஒரே மன்றில் சாட்சியம் அளித்திருந்தால், திறப்பதா மூடுவதா என்ற வினா, எதை, எந்தப் பருவத்தில், எத்தனை ஆண்டுக் கால அவகாசத்துடன் திறப்பது என்ற வினாவாக மாறியிருக்கும். அதுவே பயனுள்ள வினா. அறுவடைக் காலத்தில் இறக்குமதியை நிறுத்திவைப்பதற்கு நோபெல் பரிசு வேண்டியதில்லை. எப்போது அறுவடை என்று தெரிந்தவர் ஒருவர் அறையில் இருந்தாற் போதும்.

ஆலோசனை கேட்பதே எமது தலைவிதி என்றும் எண்ணவேண்டாம். பண்டாரநாயக்காவின் திட்டமிடற் செயலகத்தில் பணியாற்றிய கமனி கொறயா 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மகாநாட்டின் செயலாளர் நாயகமாக வீற்றிருந்தார். தேயிலை, இறப்பர் போன்ற விளைபொருள்களின் விலையைச் சர்வதேச ஒப்பந்தத்தால் நிலைநிறுத்த வேண்டுமென்று பணக்கார நாடுகளுடன் வாதாடினார். எங்கள் மலையகத்தில் கொழுந்து கிள்ளும் கையின் கூலியை இலண்டன் ஏலச் சந்தை தீர்மானிப்பது நியாயமா என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இவ்வளவு அறிஞரைப் பெற்ற நாடு 2021இல் செய்தது என்ன? அவ்வாண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உரத்தினதும் பூச்சிகொல்லியினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. எமது பாட்டனார் எருவும் குழையும் போட்டே வயல் செய்தனர். ஆனால் பாட்டனார் விதைத்த நெல்லினம் வேறு. இன்று விளையும் நெல்லினம் உரத்துக்கென்றே உருவாக்கப்பட்டது. இதைச் சொல்ல அறிஞர் இல்லாமற் போகவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாகவே எச்சரித்தார். தாம் வகித்த அமைச்சுப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் கூண்டிலிருந்து இறக்கிவிட்டனர்! சீனாவிலிருந்து தருவித்த சேதனப் பசளையில் தீங்கான கிருமி கண்டதாகச் சொல்லிக் கப்பலைத் திருப்பிவிட்டு, 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரையும் செலுத்தினர். பசளை கரை சேரவில்லை. பணம் கடல் கடந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பயிர் மஞ்சளாகி நின்றதைக் கண்ணாற் கண்டவர் எமது வாசகரில் பலர். 2022 ஏப்ரிலில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, அத் தீர்மானம் தவறென்றும், நாணய நிதியத்தை முன்னரே நாடியிருக்க வேண்டுமென்றும் புதிய மந்திரிசபைக்குக் கூறினார்.

அந்த ஏப்ரில் முதல் வாரத்திலேதான் அவர் மூவர் கொண்ட ஆலோசனைக் குழுவை நியமித்தார்: மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இந்திரஜித் குமாரசுவாமி, உலக வங்கியில் உயர்பதவி வகித்த பேராசிரியர் சாந்த தேவராஜன், நாணய நிதியத்தில் பணிப்பாளராயிருந்த சர்மினி கூரே. தகுதியில் எவரும் குறை காணமுடியாது. ஆனால் அவர்கள் வீட்டு வாசலை அடைந்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கியபோது இத்தகைய மூவரை அழைத்துப் பகிரங்கமாகக் கேட்டிருக்கலாகாதா? 2022 செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருளின் விலையேற்றம் 95 வீதத்தை நெருங்கிற்று. அவ்வாண்டு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தெமட்டகொடைத் தெருக்களில் நின்ற வரிசை பேஸ்லைன் வீதிவரை நீண்டதை நாம் எமது காரியாலய யன்னலிலிருந்து பார்த்தோம். அவ்வரிசையில் நாமும் நின்றோம்.

அதன்பின் வந்த ஆலோசகர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். கடனை மறுசீரமைக்க லசார்ட் என்ற நிதி நிறுவனமும் கிளிபர்ட் சான்ஸ் என்ற சட்ட நிறுவனமும் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டன. 2023 மார்ச் 20ஆம் திகதி நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர்க் கடனுதவியை அங்கீகரித்தது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கும் திட்டம் அவ்வாண்டு ஜூன் இறுதியில் வெளிவந்து, ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஒரு வாரமும் இல்லை! வங்கிகள் கையில் வைத்திருந்த பிணைமுறிகள் தப்பின. ஊழியர் சேமலாப நிதியின் பிணைமுறிகள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகள் சரிந்தால் எல்லோரும் சரிவோம் என்று காரணம் கூறினர். காரணம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எழுத்தராயும் ஆசிரியையாயும் தோட்டத் தொழிலாளியாயும் முப்பதாண்டு உழைத்துச் சேர்த்தவர்களின் பிரதிநிதி எவர் அதைக் குறுக்கு விசாரணை செய்தார்?

குறுக்கு விசாரணை ஒருமுறை நடந்தது. எல்லாம் முடிந்த பின்னர். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசருள் நால்வரின் பெரும்பான்மையால், ராஜபக்ஷ சகோதரர் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இருவரும் உயர் அதிகாரிகளும் மக்கள் தம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறிப் பொருளாதாரத்தைச் சீர்குலைத்தனர் என்றும், அதனால் யாப்பின் 12(1)ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்றும் தீர்த்தது. சரித்திரப் பெருமை வாய்ந்த தீர்ப்பு. ஆனால் விளைச்சலிழந்த கமக்காரனுக்கு அதனால் ஒரு மூட்டை நெல்லும் வரவில்லை. இறந்த பின் வைத்தியரைக் கூண்டிலேற்றுவதால் நோயாளி எழுந்திருப்பதில்லை.

ஆலோசனையைப் பகிரங்கப்படுத்தினால் சந்தை கலங்கும், நிபுணர் மனந்திறந்து பேசார் என்று எமது நண்பரான வங்கி உத்தியோகத்தர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். நாளை நாணயத்தின் மதிப்பை மாற்றப்போவதை இன்று முரசறைய எவரும் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமே இதற்கு எல்லை வகுத்திருக்கின்றது. அதன் 5(1)(இ) பிரிவு, நாணயமாற்று, வரி, விலை முதலியன பற்றிய தீர்மானங்களை முற்கூட்டியே வெளியிடுவதால் பொருளாதாரத்துக்குப் பெருந்தீங்கு நேருமாயின் தகவலை மறுக்கலாம் என்கின்றது. 'முற்கூட்டியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். தீர்மானம் வர்த்தமானியில் ஏறிய பின் முற்கூட்டுவதற்கு என்ன இருக்கின்றது? மந்திரிசபைப் பத்திரத்தையும் தீர்மானம் எடுக்கப்படும்வரையிலேதான் அச்சட்டம் மறைக்க அனுமதிக்கின்றது. கதவு பாதி திறந்தே கிடக்கின்றது. தட்டுவாரில்லை.

எமது கோரிக்கை பெரிதன்று. பொருளாதாரத் தீர்மானம் ஒவ்வொன்றும் எடுக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள், அதற்காகப் பெற்ற எழுத்து மூல ஆலோசனை, ஆதாரங்களுடனும், கூலி கொடுத்திருப்பின் ஒப்பந்தத்துடனும், பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்று மொழிகளிலும் வைக்கப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது அலங்காரத்துக்காகவன்று. உரம், விதை, விளைபொருள் இறக்குமதி ஆகியவற்றைத் தொடும் தீர்மானமெனின், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி பதிவுபெற்ற கமக்கார அமைப்புகள் தீர்மானத்துக்கு முன்னரே விசாரிக்கப்பட வேண்டும். அவ்வமைப்புகள் ஏற்கெனவே ஊர்தோறும் இருக்கின்றன. உர விநியோகத்துக்குக் கையெழுத்து வாங்க அவற்றைத் தேடிச் செல்லும் உத்தியோகத்தர், ஒரு சொல்லுக் கேட்பதற்கும் அதே பாதையிற் செல்லலாம். இதற்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

இக்கோரிக்கை சட்டமாகும்வரை கைகட்டி இருக்கவேண்டியதுமில்லை. 2021 மே 6ஆம் திகதிய அறிவித்தலுக்கு முன்னர் எந்த நிபுணரிடமிருந்து எழுத்து மூலம் எந்த ஆலோசனை பெறப்பட்டது, எந்தக் கமக்கார அமைப்பு விசாரிக்கப்பட்டது என்று கேட்டு, தகவலறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பமொன்றைத் தமிழில் தயாரித்தோம். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டி இருமுறை வாசித்தார், ஓரிடத்தில் 'பசளை' என்றிருந்ததை 'உரமும் பசளையும்' என்று திருத்துவித்தார், பின்னர் கையெழுத்திட்டார். விண்ணப்பம் பதிவுத் தபாலிற் சென்றிருக்கின்றது. சட்டப்படி பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். வருவதை, வராவிடின் வராததை, இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம்.